ஸ்னாப் என்ற சொல்லும் பெருங்களத்தூர்ச் சம்பந்தியும்

அகராதிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

நான் விடைபெற்ற அன்று சமோசாவும் கையுமாக என்னைச் சூழ்ந்துகொண்டு, "மேடம், உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க, எங்களுக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும்" என்று கேட்டீர்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். தலைச்சொல்லை எப்படித் தேர்ந்தெடுப்பது, பொருள்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பதெல்லாம் நம் கையேட்டிலேயே இருக்கிறது. அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அது ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றியது. அந்தச் சொல் என் மகளின் கல்யாணத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆனாலும் பெருங்களத்தூரிலிருந்து போன் வந்தால் இன்னும் நான் உட்கார்ந்துகொண்டுதான் எடுக்கிறேன். எழுத்து அங்கங்கே தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'காது வேலை'யைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பிரிவில் எல்லோரும் அவ்வப்போது மேசையை விட்டு எழுந்து, தாம்பரம் மார்க்கெட், பஸ் நிலையம், மின்சார ரயிலின் பெண்கள் பெட்டி என்று எங்காவது போய், ஜனங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வரவேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான தமிழ் புத்தகத்தில் கிடைக்காதபோது நடைபாதையில் கிடைத்துவிடும். இந்த வேலைக்கு ஒரே விதிதான் உண்டு. வாயைத் திறக்கக் கூடாது.

விதியின் அருமை நான் சேர்ந்த முதல் மாதமே புரிந்தது. மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மா ஒருவர் ஐஸ் கொண்டுவருபவரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். அதில் ஒரு சொல் மின்னல் மாதிரி வந்து விழுந்தது. எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. "அம்மா, இப்ப ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "மீன் ரொம்ப நல்லா இருக்கும் மேடம். எவ்வளவு தேவைப்படும்?" என்றார். பக்கத்துக் கடைக்காரர், "வாருங்கள் மேடம், இங்கேயும் பாருங்கள்" என்றார். ஒரு நிமிடத்தில் அந்த வரிசை முழுக்க வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டது.

கூட வந்திருந்த மூத்த அகராதி ஆசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். "போச்சு. இன்னிக்கு மார்க்கெட்டையே இழுத்து மூடிட்டீங்க. நம்ம பேச்சு காதுல விழுந்த உடனே அவங்க பேச்சு சட்டை மாட்டிக்கும். சும்மா நில்லுங்க. நாம சும்மா நின்னா அவங்களா பேசுவாங்க."

அன்றிலிருந்து சும்மா நிற்கப் பழகினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, அதில் நான் கெட்டிக்காரியாகவே ஆகிவிட்டேன். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு, லேசான தலையசைப்பு, அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் முதலில் ஜாக்கிரதையாகப் பேசுவார். நான் பேசாமலே இருந்தால் கொஞ்ச நேரத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொந்தப் பேச்சில் பேச ஆரம்பிப்பார். அந்தக் கணத்துக்காகத்தான் நாமெல்லாம் இந்த வேலையில் இருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

இனி ஸ்னாப், ஆங்கில எழுத்தில் snob.

பள்ளி அகராதியின் இந்தத் திருத்தப் பதிப்புக்காக அந்தப் பதிவு என் மேசைக்கு வந்தபோது உங்களில் சிலரும் இருந்தீர்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் நடந்து வந்த பாதையை அன்று ரசித்துப் படித்தோம். முதலில் அது செருப்புத் தைப்பவருக்கான கொச்சைப் பெயர். பிறகு பல்கலைக்கழக ஊரில் வெளியிலிருந்து படிக்க வந்தவர்கள், அந்த ஊர்க்காரர்களை அப்படிச் சொன்னார்கள். அப்புறம் நாகரிகம் தெரியாத ஆள் என்று ஆயிற்று. அதற்கும் பிறகு, மேலே இருப்பவர்களைப் பார்த்து அவர்களைப் போல் வேஷம் போடுகிறவர். கடைசியில், தனக்குக் கீழே என்று தான் நினைக்கிறவர்களை மதிக்காதவர். தரையில் உட்கார்ந்து ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த சொல், படிப்படியாக மாடி ஏறிப்போய், அங்கிருந்து கீழே பார்க்கிற சொல்லாகிவிட்டது. 'பிரபு குலம் அல்லாதவர்' என்று பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம் என்று ஒரு கதையும் உண்டு. அழகான கதை, ஆனால் ஆதாரம் கிடையாது. அதைச் சேர்க்கவில்லை.

தமிழில் என்ன போடுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டோம். பழைய பதிப்பில் 'பகட்டுக்காரர்' என்று இருந்தது. பகட்டுக்குக் காசு வேண்டும், ஸ்னாபுக்கு அது கட்டாயமில்லை. 'தற்பெருமைக்காரர்' என்றால் அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். 'மேட்டிமை' நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தாம்பரம் ரயில்வே கேட்டிலிருந்து வண்டலூர் வரை யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"சீன் பார்ட்டி போடலாம் மேடம்" என்றார் உங்களில் ஒருவர்.

"பீட்டர் விடுறவங்கதான் கரெக்ட்" என்றார் இன்னொருவர்.

"பீட்டர்னா இங்கிலீஷ்ல பேசணும். சீன்னா பார்க்க ஆள் வேணும். பந்தாவுக்கும் ஆள் வேணும். ஸ்னாப் வாயே திறக்காம, ஆளே இல்லாத இடத்துலகூட ஸ்னாபா இருக்கலாமே" என்றேன் நான். எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள். பதிவை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டோம்.

வீட்டில் அந்தச் சொல் வெறும் விளையாட்டாகத்தான் புழங்கிக்கொண்டிருந்தது. என் மகள் தேன்மொழி நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அந்த வயதுக்காரர்கள் பேச்சில் ஸ்னாப் இன்னும் ஒரு படி நகர்ந்திருக்கிறது. ஒரு விஷயத்தில் ரசனை முற்றிப்போனவர்களைச் செல்லமாக அப்படிச் சொல்கிறார்கள். டிகாஷன் இரண்டாவது முறை இறங்கியதாக இருந்தால் தம்ளரைத் தொடமாட்டார் என் கணவர். "அப்பா ஒரு காபி ஸ்னாப்" என்பாள் தேனு. அவரும் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொள்வார்.

தன்னோடு வேலை பார்க்கிற லோகேஷை அவளுக்குப் பிடித்திருந்தது. எங்களுக்கும் பிடித்துப்போயிற்று. பெருங்களத்தூரின் பூர்விகக் குடும்பம். ஒரு காலத்தில் வயல் வைத்திருந்தவர்கள், இப்போது ஜிஎஸ்டி சாலையை ஒட்டி ஹார்டுவேர் கடை. கடைக்கு மேலேயே வீடு. கடையை நடத்துவது லோகேஷின் அம்மா தேவகி. வீட்டையும் அவர்தான் நடத்துகிறார் என்பது போனவுடன் தெரிந்தது. நாங்கள் சேலையூர்ப் பக்கம் ஒரு காலனியில் இருக்கிறோம். மாதச் சம்பளக் குடும்பங்கள், எல்லோர் வீட்டிலும் ஒரே மாதிரி கேட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனோம். கிளம்பும்போதே தேனு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ப்ளீஸ், ஏதாவது பேசு" என்றாள். "பேசாம என்ன" என்றேன்.

தேவகி வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க சம்பந்தி, வாங்க. உட்காருங்க. ரொம்ப சந்தோஷம்." முதல் ஐந்து நிமிடம் அப்படித்தான் போயிற்று. புதுச் சேலை மாதிரி விறைப்பான பேச்சு. நான் சிரித்தேன், தலையசைத்தேன். அவ்வளவுதான், சட்டை கழன்றது.

"வூட்ட கண்டுபுடிக்க பேஜாரா போச்சா? ரோட்டுல பஸ்ஸுங்க நின்னுகினே கீது சம்பந்தி, ஒரு நாள் இல்ல ரெண்டு நாள் இல்ல, எந்நேரமும். இந்தாண்ட வர்றவன் அந்தாண்ட போறவன் எல்லாம் நம்ம கட வாசல்லதான் குந்திகினு கீறான். எங்க வூட்டுக்காரு போர்டு எயுதி வச்சாரு, இங்க குந்தாதீங்கன்னு. அந்த போர்டு மேலயே குந்திகினு பிரியாணி துன்றானுங்க!"

எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. என்ன வேகம், என்ன தாளம்! ரயில் பெட்டியில் துண்டு துண்டாகக் கேட்டுப் பொறுக்கியதெல்லாம் இங்கே ஒரே இடத்தில் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் பேசினால் நின்றுவிடும். பேசவில்லை. நான் பேசாமலிருக்க இருக்க அவர் இன்னும் பேசினார். வயல் விற்றது, கடை வைத்தது, எதிரே அடுக்குமாடி எழும்பியது, லோகேஷ் சின்ன வயதில் பெயின்ட் டப்பாவுக்குள் விழுந்து பச்சையாக எழுந்து வந்தது. என் கணவரும் லோகேஷின் அப்பாவும் ஓரமாக உட்கார்ந்து கார் நிறுத்த இடமில்லாததைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். தேனு என் காலை மெதுவாக மிதித்தாள். நான் கண்டுகொள்ளவில்லை.

கடைசியாக அவர் சட்டென்று நிறுத்தி, என் முகத்துக்கு நேராகப் பார்த்து ஒன்று கேட்டார். "நாங்க சத்தமா பேசற ஜனம். உங்க பொண்ணு எங்க வூட்ல ஒத்துகினு இருந்துடுமா? நீங்க இன்னா சொல்றீங்க?"

நான் சிரித்தேன். தலையை ஒரு பக்கமாக அசைத்தேன். 'ஒத்துகினு' என்பதைப் பத்திரமாக மனதில் மடித்து வைத்துக்கொண்டேன். பிறகு கேசரி வந்தது. பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. வீடு திரும்பும்போது, "என்ன அருமையான மனுஷி!" என்று கணவரிடம் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். அவர் வீட்டில் மகள் வாழப்போகிறாள் என்று நினைத்து அன்று சந்தோஷமாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் ஒரு மாலை தேனு ஆபீசிலிருந்து வந்து, கைப்பையைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்றாள். "லோகேஷோட அம்மா உன்னை ஸ்னாப்னு சொல்றாங்களாம்."

நான் சிரித்துவிட்டேன். "நானா? அப்பாதானே ஸ்னாப். காபி நல்லா இருந்துதுன்னுதானே குடிச்சேன்."

அவள் கைப்பையைக் கழற்றித் தரையில் போட்டாள். "அம்மா, அவங்க கல்யாணமே வேண்டாம்னு சொல்றாங்க. 'அந்தம்மா நம்ம வூட்ல குந்திகினு வண்டலூர் ஜூவுல பாக்கற மாதிரி நம்மள பாத்துகினு இருந்துச்சு. அந்த வூட்டுப் பொண்ணு நமக்கு வேணாம்டா'ன்னு லோகேஷ்கிட்ட சொல்லியிருக்காங்க. அவங்க கேட்டதுக்கு நீ பதில்கூட சொல்லலையாம். நான்தான் சொன்னேனே, பேசுன்னு. நீ அவங்களையும் வேலையாப் பார்த்துட்ட."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தேனு சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கோபம் வந்தால் கத்தமாட்டாள், பேச்சை நிறுத்திவிடுவாள். மறுநாளும் பேசவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். அந்தக் கழுவின தட்டைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"போன் பண்ணி ஒரு சாரி சொல்லிடேன்" என்றார் கணவர்.

மூடியிருந்த கதவுக்குப் பின்னாலிருந்து, அந்த மூன்று நாளில் முதல் முறையாக, தேனுவின் குரல் வந்தது. "போன் வேண்டாம். போன்ல அம்மா புக்கு மாதிரி பேசுவா."

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை மதியம் தனியாகப் புறப்பட்டேன். ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் பெருங்களத்தூரே தெற்கே போகக் கிளம்பி நிற்பது போலிருந்தது. பைகள், குழந்தைகள், கரும்புக் கட்டு, ஊர் பெயரைக் கூவுகிற கண்டக்டர்கள். அந்தக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, தேவகி கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரே நேரத்தில் நாலு பேரைச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, திருச்சி பஸ்ஸு இங்க நிக்குமா?"

"நிக்கும். நீ மொதல்ல ஓரமா நில்லு. என் வாடிக்க உள்ள வர வயி இல்ல."

என்னைப் பார்த்ததும் அவர் முகம் சட்டென்று அடங்கியது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "வாங்க மேடம். உட்காருங்க. என்ன சாப்பிடுறீங்க, டீயா, காபியா?"

மேடம். சம்பந்தி போய்விட்டது. 'இன்னா'வும் போய்விட்டது, 'என்ன' என்கிறார். மீன் மார்க்கெட்டில் நான் இழுத்து மூடிய அதே கதவு. அன்று வாயைத் திறந்ததால் மூடியது, இன்று திறக்காததால் மூடியிருக்கிறது. ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த நேரத்தில் என்னென்னவோ தோன்றியது. அவர் மாதிரியே பேசிக் காட்டினால் நெருங்கிவிடலாமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். எனக்கு அது நன்றாகவே வரும், இத்தனை வருடம் கேட்டிருக்கிறேன். நல்லவேளை, செய்யவில்லை. செய்திருந்தால் அந்தப் பெயின்ட் டப்பாவாலேயே அடித்திருப்பார், அடித்தாலும் நியாயம்தான்.

என் வேலையைப் பற்றிச் சொன்னேன். காது வேலை, வாய் திறக்காத விதி, மீன் மார்க்கெட், எல்லாம். "உங்க பேச்சு அவ்வளவு பிடிச்சிருந்துது. அதனாலதான் குறுக்க பேசல" என்றேன். சொல்லும்போது நல்ல விளக்கமாகத்தான் தோன்றியது.

அவர் ஒரு வாடிக்கையாளருக்கு ஆணி நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "அப்போ நான் பேசினதைப் புக்குல போடறதுக்குக் கேட்டுகினு இருந்தீங்களா?" கோபத்தில் பேச்சுச் சட்டையின் ஒரு பொத்தான் கழன்றது.

"புக்குக்காக இல்ல. பழக்கம்."

"நான் எதுக்கு அவ்ளோ பேசினேன் தெரியுமா உங்களுக்கு? காலையில லோகேஷ் அப்பாகிட்ட சொன்னேன், இன்னிக்கு அளவாத்தான் பேசுவேன், அவங்க படிச்ச ஜனம்னு. நீங்க வந்து குந்தினீங்க. நான் ஒண்ணு சொன்னா பதில் இல்ல. இன்னொண்ணு சொன்னேன், அதுக்கும் இல்ல. எனக்கு கையி காலெல்லாம் ஒதற ஆரம்பிச்சிருச்சு. இன்னா பேசறோம்னே தெரியாம பேசிகினே போறேன். எம்புள்ள பெயின்டு டப்பால வியுந்தத எல்லாம் சொல்லிகினு இருக்கேன். அதுக்கும் சிரிக்கறீங்க. எதுக்கு சிரிக்கறீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

பிள்ளைகளே, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நாம் பேசாமல் நின்றால் எதிரில் இருப்பவர் கூச்சம் போய்ச் சொந்தப் பேச்சுக்கு வந்துவிடுவார் என்பதுதான் நம் தொழிலின் நம்பிக்கை. பேச்சு வரும், அது உண்மை. ஆனால் எங்கிருந்து வருகிறது என்று நாம் யோசித்ததில்லை. பயத்திலும் மனிதர்கள் தாய்ப்பேச்சுக்குத்தான் ஓடுகிறார்கள். அன்று நான் ரசித்துக் கேட்ட அந்த வேகமும் தாளமும் ஒரு தாயின் நடுக்கம். மாடியில் நின்று கீழே பார்க்கிறவருக்குத் தான் மாடியில் நிற்பது தெரியவே தெரியாது. ஆசையாகப் பார்த்தாலும் அது மேலிருந்து பார்ப்பதுதான்.

"உங்க வேலைய பத்தி நான் கேக்கல" என்றார் தேவகி. "அன்னிக்கு ஒண்ணு கேட்டேன். அதுக்கு இன்னும் பதில் வரல."

கடைக்கு வெளியே ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. நல்ல வார்த்தையாக ஒன்றைச் சொல்லிவிடலாம், என் பெண் தங்கம், எங்கே போனாலும் ஒத்துப்போவாள் என்று. பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோரும் சொல்வதுதான். வாய்வரை வந்தது. அவருடைய கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"தெரியலைங்க" என்றேன். "ஒத்துப்போவாளான்னு எனக்குத் தெரியல. பயமா இருக்கு. அவளுக்குச் சத்தம் ஆகாது. கோவம் வந்தா சண்டை போடமாட்டா, வாயை மூடிக்குவா. ரெண்டு நாள், மூணு நாள். இப்பகூட என்கிட்ட பேசல. உங்க வீட்ல வந்து அப்படி உம்முன்னு இருந்தான்னா நீங்க அவளையும் ஸ்னாப்னு நினைச்சுடுவீங்க. அவ அதுக்கப்புறம் ஒரு வார்த்தைகூட பேசமாட்டா. அன்னிக்கு நீங்க கேட்டப்பவே இதைச் சொல்லியிருக்கணும்."

கடைசி வாக்கியம் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. திருச்சி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஆள் திரும்பிப் பார்த்தார்.

தேவகி கல்லாவை விட்டு வெளியே வந்து, எனக்கு எதிரே இன்னொரு டப்பாவை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். 

"எம்புள்ள கத்துவான்" என்றார். "வாயில வந்தத எல்லாம் கத்திட்டு, அப்பால போயி ஒண்ணும் நடக்காத மாதிரி தோச துன்னுவான். உங்க பொண்ணு மூணு நாளு மூஞ்ச தூக்கி வெச்சுகினு இருக்கும், இவன் எதுக்குன்னே தெரியாம முயிச்சுகினு இருப்பான். எனக்கும் பயமாத்தான் கீது."

இருவரும் சிரிக்கவில்லை. ஆனால் ஏதோ ஒன்று இறங்கிவிட்டது. டீ வந்தது. பிள்ளைகளின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தோம். தேனுவுக்குக் காலையில் எழுந்திருக்க வராது. லோகேஷ் துண்டைக் கட்டிலிலேயே போடுவான். கல்யாணச் சந்தையில் யாரும் இப்படி வியாபாரம் செய்திருக்கமாட்டார்கள்.

"ஆமா, நீங்க இன்னாவோ சொன்னீங்களே, ஸ்னாபு. அப்டின்னா இன்னா? நான் அப்டி சொல்லவே இல்லியே."

"லோகேஷ் அப்படித்தான் சொன்னாராம்."

"நான் மெதப்புன்னு சொன்னேன். 'அந்தம்மாவுக்கு ரொம்ப மெதப்புடா'ன்னேன். அத்தப் போயி இங்கிலீஷ்ல மாத்திகீறான் பாரு! இது நல்ல வார்த்தையா கெட்ட வார்த்தையா?"

சொன்னேன். செருப்புத் தைப்பவரில் ஆரம்பித்து மாடி ஏறியது வரை. படிக்க வந்தவர்கள் ஊர்க்காரர்களை அப்படி அழைத்த இடம் வந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்க இருங்க. வெளிய இருந்து வந்தவங்க, அந்த ஊர்க்காரங்களையா சொன்னாங்க?"

"ஆமாம்."

"இங்கயும் அதான. இந்த அப்பார்ட்மென்டு நிக்கறது எங்க நெலம். அதுல வந்து குடியிருந்துகினு எங்கள லோக்கல்னாங்க. 'அந்த லோக்கல் ஆளுங்களோட வெச்சுக்காதீங்க'ன்னு என் காதுபடவே ஒருத்தி சொன்னா. ஊர்ல பொறந்தவன் லோக்கல்தான், அதுல இன்னா தப்பு? ஆனா அவ சொன்னது அப்டி இல்ல." டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ அந்தக் காலத்துக் கணக்குல நான் ஸ்னாபு. இந்தக் காலத்துக் கணக்குல நீங்க. ஒரு வூட்டுக்கு ரெண்டு ஸ்னாபு எதுக்கு?"

இந்தத் தடவை அவர்தான் முதலில் சிரித்தார். நானும் சிரித்தேன், சத்தமாக. எங்கள் காலனியிலும் 'லோக்கல்' என்பதை அந்த அர்த்தத்தில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். காது வேலைக்கு மார்க்கெட்டுக்கும் ரயிலுக்கும் போன நான், என் தெருவில் ஒரு நாள்கூடக் கேட்டுவர நினைத்ததில்லை.

கிளம்பும்போது கேட்டேன், "மெதப்பை எங்க புக்குல போட்டுக்கலாமா?"

"போட்டுக்கோங்க. எம்பேர போடாதீங்க. அப்பால கடைக்கு வர்றவன்லாம் அர்த்தம் கேப்பான்." பிறகு வாசலில் குந்தியிருந்தவர்களை விலக்கி எனக்கு வழி பண்ணிக்கொண்டே, "போயி உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. நாளைக்கு வூட்டுக்கு வர்றோம். நீங்க பேசணும், நான் கேக்கணும்" என்றார்.

வந்தார். நான் பேசினேன். தொண்டை கட்டும்வரை பேசினேன். தேனு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "போதும்மா, அவங்களையும் கொஞ்சம் பேசவிடு" என்றாள். நான்கு நாளுக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

திருநீர்மலையில் கல்யாணம் நடந்தது. படியேறும்போது தேவகிக்கு மூச்சு வாங்கியது, எனக்கும் வாங்கியது, இருவரும் கைகோத்துக்கொண்டு பாதி வழியில் நின்றுவிட்டோம். முகூர்த்தத்துக்குச் சற்று முன்தான் போய்ச் சேர்ந்தோம், அது தனிக் கதை.

ஸ்னாப் பதிவு இன்னும் உங்களிடம் திறந்தே இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். தேவகி சொன்ன மிதப்பைச் சேர்ப்பதா, பேச்சுவழக்கு என்று குறியிடுவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். 'லோக்கல்' என்ற பதிவையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். காது வேலைக்கு மட்டும் தொடர்ந்து போங்கள், விட்டுவிடாதீர்கள். ஆனால் யாராவது உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால், சொல் போனால் போகட்டும், பதில் சொல்லிவிடுங்கள்.

போன வாரம் பெருங்களத்தூரிலிருந்து போன் வந்தது. வழக்கம்போல் உட்கார்ந்துகொண்டு எடுத்தேன். "சம்பந்தி" என்றார் தேவகி, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "உங்க பொண்ணு காலையில இருந்து வாயே தொறக்கல. ஒரு மாரி பாத்துகினு போவுது. மெதப்பா, கோவமா?"

"கோவம்" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றார். "அப்போ எம்புள்ளதான் இன்னாவோ கத்திகீறான். ரெண்டு பேருக்கும் தோச சுட்டு வெக்கறேன்."